பின்பக்கம் பார்த்து வரைந்த போர்டு

1

இந்தக் கதை ஒரு ஃபோட்டோவிலிருந்து பிறந்தது. எரிந்துபோன ஒரு சர்க்யூட் போர்டின் பின்பக்க ஃபோட்டோ.

அக்காவின் சலவைக் கடையில் இருக்கும் பெரிய வாஷிங் மெஷினுடைய போர்டு அது. அந்த மாடலுக்கு இனி போர்டு செய்வதில்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. நான் மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். "நானே வரைஞ்சு ஆர்டர் பண்றேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு அப்போது தெரியாது [இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. என் டைரியில் இப்படித் தொடங்கிய வாக்கியங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாமே எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வதில் போய் முடியும்.]

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் பார்சல்…" மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "நடுங்கும் கைகளால் அவள் உறையைப் பிரித்தாள்." அவள் என்பது நான்தான். என் கை நடுங்காது. நடுங்கினால் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்க முடியாது.

மூன்றாவது, மாமா சொன்னது. மாமா என்றால் அக்காவின் கணவர்.

"சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றாரு. மெஷினைத் தூக்கிக் குடுத்துட்டு, இஸ்திரி மட்டும் போடலாம். போதும் நமக்கு."

இதையே வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதைக் கேட்ட அக்கா தொட்டிக்குள் கையை விட்டாள். மெஷின் நின்றதிலிருந்து விடுதி ஒன்றிலிருந்து சலவைக்கு வரும் படுக்கை விரிப்புகளை அவள் கையால்தான் துவைக்கிறாள். அந்த மெஷினை நம்பித்தான் அவள் இந்தக் கடையையே தொடங்கினாள்.

3

இப்போது கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலிவாக போர்டு செய்து தரும் தொழிற்சாலைகள் இணையத்தில் இருக்கின்றன. நாம் கணினியில் வரைந்ததை அனுப்பினால், அதைப் பச்சைப் பலகையில் செம்புக் கோடுகளாக்கி, துளை போட்டு அனுப்பிவைப்பார்கள். ஒன்று மட்டும் வேண்டும் என்றால் தரமாட்டார்கள், குறைந்தது ஐந்து. அந்த ஐந்தின் விலையைவிட அவை வந்துசேரும் செலவு அதிகம். ஆர்டர் போடும் முன் இணையதளமே நம் படத்தைச் சரிபார்க்கும். என் படத்துக்கு "பிழை இல்லை" என்று வந்தது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி போதுமா, துளை ஓரத்தை ஒட்டி இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்கும். வரைந்தவளுக்குப் புத்தி இருக்கிறதா என்று பார்க்காது.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: போர்டின் நிறத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். அக்கா நீலம் கேட்டாள். நீலம் என்றால் வருவதற்கு நாளாகும் என்றேன். "அப்ப பச்சையே இருக்கட்டும். மெஷினுக்குள்ள கெடக்கப் போறதுக்கு என்ன அலங்காரம்?")

4

பார்சல் வியாழக்கிழமை வந்தது. ஐந்தும் தப்பு.

எரிந்த போர்டைப் பக்கத்தில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. அதில் இடது மூலையில் இருந்த, ஒயர்களை மாட்டும் கனெக்டர் இதில் வலது மூலையில் இருந்தது. செம்புக் கோடுகள் பின்பக்கத்தில்தானே தெரிகின்றன என்று பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து, அதன்மேலேயே வரைந்துவிட்டேன். வரைந்ததை முன்பக்கம் என்று அனுப்பியும்விட்டேன்.

"என்னடி, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"இடம் வலம் மாறிப்போச்சுக்கா."

"அஞ்சுலயுமா?"

"அஞ்சுலயும்."

மாமா எட்டிப் பார்த்தார். "தப்பைக்கூட மொத்தமா ஆர்டர் பண்ணியிருக்கா பாரு உன் தங்கச்சி."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை.

5

இந்த இடத்தில் அக்கா என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவள் ஒரு சட்டையின் உள்பக்கத்தை வெளியே புரட்டிக்கொண்டே, "அதையும் இப்படித் திருப்பிப் பாரேன்" என்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அடித்துவிட்டேன். அவள் உண்மையில் சொன்னது: "எனக்கென்ன தெரியும்? எல்லாம் பச்சையாத்தான் இருக்கு."

நடந்தது இதைவிடச் சாதாரணம். தொழிற்சாலைக்காரர்கள் போர்டின் பின்புறத்தில் ஆர்டர் எண்ணைப் பொடி எழுத்தில் அச்சிடுவார்கள். புகார் எழுதலாம் என்று [யார்மேல்?] அந்த எண்ணுக்காகப் புரட்டினேன். கனெக்டர் இடது மூலைக்கு வந்திருந்தது. பழைய போர்டை அதன்மேல் வைத்தேன். துளைக்குத் துளை பொருந்தியது.

பின்னாலிருந்து வரைந்ததைப் பின்னாலிருந்தே மாட்டினால் சரி. துளைகளுக்குள்ளும் உலோகம் பூசியிருப்பதால் எந்தப் பக்கமும் சால்டர் வைக்கலாம். எந்தப் பாகம் எங்கே என்று நான் அச்சிட்ட எழுத்துகள்தான் இப்போது அடியில் போய்விட்டன. வெள்ளிக்கிழமை வகுப்பில், ஒவ்வொரு பாகத்துக்கும் போர்டைக் கவிழ்த்துப் படித்து, நிமிர்த்தி மாட்டினேன். எரியாமல் தப்பிய சிப்பைப் பழையதிலிருந்து பிடுங்கி இதில் செருகினேன்.

6

இதை எழுதுவது சனிக்கிழமை காலை, கடையில், மெஷினுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து. தண்ணீர் நிரம்பிவிட்டது. ட்ரம் ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றுகிறது. இனி துணியைப் பிழியும் ஸ்பின் வர வேண்டும். பழைய போர்டு எரிந்தது அந்தக் கட்டத்தில்தான்.

அக்கா பழைய இரும்புக்காரருக்கு ஃபோன் போட்டாள். "அண்ணா, வராதீங்க. மெஷினைக் குடுக்கல."

நான் எழுதுவதை நிறுத்தினேன். "அக்கா, இன்னும் ஸ்பின் வரல. அதைப் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"நின்னுபோச்சுன்னா இன்னும் நாலு வச்சிருக்கியே. அடுத்ததை மாட்டு."

"அந்த ஆளு கோவக்காரரு," என்றார் மாமா. "அப்புறம் கூப்பிட்டா வரமாட்டாரு."

"அதான் இப்பவே சொல்லிட்டேன்."

மாமா திரும்பினார். தொட்டியில் ஊறும் விரிப்புகளைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிழிய ஆரம்பித்தார்.

7

முடிவு அ: ட்ரம் வேகமெடுக்கிறது. கடை ஜன்னல் அதிர்கிறது. மாமா, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்கிறார்.

முடிவு ஆ: டப் என்று ஒரு சத்தம். கருகல் வாசனை. நான் இரண்டாவது போர்டை எடுக்கிறேன்.

[இரண்டிலும் மெஷின் கடையில்தான் இருக்கிறது. எழுதிய பிறகுதான் கவனித்தேன்.]

தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் எந்த முடிவு என்று தெரிந்தே எழுதிவிடலாம். ஒழுங்கான கதாசிரியர் அப்படித்தான் செய்வார். ஆனால் கொடியில் காய்ந்த விரிப்புகளை மடிக்க வேண்டுமாம். பெரிய விரிப்பு, இரண்டு ஆள் வேண்டும். மாமாவின் கை ஈரம்.

"எழுதினது போதும்டி. வந்து அந்த முனையைப் பிடி."

பிடித்துவிட்டால் எழுதக் கை இருக்காது. பேனாவை வாளிமேல் வைத்துவிட்டுப் போகிறேன். ட்ரம் இப்போது நின்றிருக்கிறது. அடுத்து என்ன சத்தம் வருகிறது என்று கேட்டு, நீங்களே எழுதிவிடுங்கள்.