வெளிப்பக்கத்து மண்

ஆஸ்பத்திரி வாசலிலேயே மேர்சி பொய்யைத் தயார் பண்ணிவிட்டாள். மருமகள் லவீனாவை ஓட்டோவில் ஏற்றி, அவள் மடியில் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை வைத்து, மகன் ஜெரிசன் பக்கத்தில் ஒடுங்கி உட்காருவதற்குள் கதை முழுசாக வந்துவிட்டது. பிள்ளை பிறந்து ஒரு மூச்சு விட்டது. பக்கத்தில் நின்ற மேர்சி போத்தல் தண்ணீரை நெற்றியில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொன்னாள். ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கடற்கரையில் வலை காயப்போடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சட்டம். உண்மையில் பிள்ளை மூச்சே விடவில்லை. வயிற்றுக்குள்ளேயே அடங்கிப் பிறந்தது. மேர்சி அந்த நேரம் வெளி வாங்குப் பலகையில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் கதைக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் வாயைத் திறக்கவேண்டாம்," என்றாள், ஓட்டோ கடற்கரை ரோட்டுக்குத் திரும்பும்போது. "லெனாட் அண்ணைக்குப் போனிலை சொல்லிப்போட்டன். குழியும் வெட்டியாச்சு. உங்கடை அப்பாவுக்குப் பக்கத்திலை."

ஜெரிசன் தலையாட்டினான். லவீனா பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தாள். காதை மூடித் துணி கட்டியிருந்ததால் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. கேட்டிருக்கும் என்று மேர்சி நினைத்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பங்குக் கோவிலின் சேமக்காலைக்கு ஆளுயர மதில் ஒன்று உண்டு. மதிலுக்குள்ளே கல்லறைகள், சிலுவைகள், பளிங்கில் பொறித்த பெயர்கள், கனடாக் காசில் எழும்பிய, சிறகு விரித்த சம்மனசுகள். மதிலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில் ஒரு துண்டு மணல். ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். சிலுவை கிடையாது, பெயர் கிடையாது. ஆடு மேயும். அப்படிச் செய்யத் தேவையில்லை என்று ரோமாபுரியில் எப்போதோ சொல்லியாயிற்றாம். ரோமாபுரியில் சொல்வது மூப்பர் லெனாட்டின் காதுக்கு வந்துசேர இன்னும் காலமிருக்கிறது. கோவில் காரியங்களும் சேமக்காலைத் திறப்பும் அவர் கையில்தான்.

அந்த மணலுக்குள் மேர்சியின் மூத்தது கிடக்கிறது. பெட்டை. ஜெரிசன் பிறப்பதற்கு முந்தி, இடம்பெயர்ந்து ஓடித் திரும்பி வந்த காலத்தில், அதுவும் மூச்சு விடாமல்தான் பிறந்தது. லிம்போ என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே நோவுமில்லை பசியுமில்லை, கடவுளின் முகத்தை மட்டும் காண ஏலாது என்று அப்போதிருந்த கிழட்டுச் சுவாமி ஆறுதல் சொன்னார். "தாயின்ரை முகத்தை?" என்று மேர்சி கேட்டாள். அவர் மூக்குத்தூளை எடுத்துக்கொண்டார்.

அன்றுமுதல் மேர்சிக்குக் கடவுள் ஒரு கேற்றடியில் நிற்கிறவர். அவரோடு அவள் மரியாதையாகவே நடந்துகொண்டாள். பூசைக்குப் பிந்தியதில்லை, ஒறுத்தல் காலத்தில் மச்சம் மாமிசம் தொட்டதில்லை. கெடுபிடியான உத்தியோகத்தரிடம் போகிற சனம் எப்படிப் போகுமோ அப்படி. ஆத்துமாக்கள் திருநாளில் புருசன் செல்வரட்ணத்தின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவாள். வெளியே கொளுத்த ஒன்று தனியாகக் கொண்டுபோவாள். கொளுத்தாமல் திருப்பிக் கொண்டுவருவாள். அத்தனை பேர் பார்க்க அந்தப் பக்கம் போகத் துணிவு வந்ததேயில்லை. பேரப்பிள்ளையும் அந்த மணலுக்குள் போகிறதை அவளால் தாங்க முடியாது. அதற்கு ஒரு பொய் என்ன, ஒன்பது பொய் சொல்லலாம்.

கேற் திறந்து கிடந்தது. லெனாட் திறப்புக்கொத்தோடு நின்றார். இளம் சுவாமி தீர்த்தச் செம்போடு வந்திருந்தார். வழமையாகக் கேட்கிற கேள்விதான், பெட்டியைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"திருமுழுக்கிலை என்ன பேர் வைச்சனீங்கள்?"

"ஆரணி எண்டு, சுவாமி. நான்தான் தண்ணி ஊத்தினன். ஒரு மூச்சு விட்டது, அந்த மூச்சிலை..."

"இல்லை, ஃபாதர்." லவீனா காதுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "பேர் ஆரணிதான். ஆனால் தண்ணி ஊத்தேல்லை. என்ரை பிள்ளை மூச்சு விடேல்லை. மாமி பாவம் பாத்துச் சொல்லுறா."

மேர்சிக்கு அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். வாய்க்குள் வந்த சோற்றைத் தட்டிவிட்டாளே பாவி! ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப்பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள், அந்தத் திமிர்தான் இது என்று பல்லைக் கடித்தாள்.

லெனாட் தொண்டையைச் செருமினார். "அப்பிடியெண்டால் வெளியிலைதான், சுவாமி. ஒருத்தருக்கு எண்டு வழக்கத்தை மாத்தேலாது. மற்றச் சனம் கேக்கும்."

"ஆயரில்லத்திலை ஒருக்கால் கேட்டுப்பாக்கிறன்," என்றார் சுவாமி. அவருக்கு வயதும் காணாது, தைரியமும் காணாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கமாக நடந்தார்.

லவீனா கேற்றின் நடுவில், சீமெந்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி மடியில்.

"கேட்டு முடியட்டும். ஒரு கிழமை செண்டாலும் நான் உதிலை இருக்கிறன்."

"எழும்பு பிள்ளை, பச்சை உடம்பு," என்று மேர்சி குனிந்தாள். பிறகு குரலை அடக்கி, "ஏனடி அப்பிடிச் சொன்னனீ? உள்ளுக்குப் போயிருக்குமே," என்றாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"பொய்தான் மாமி உள்ளுக்குப் போயிருக்கும். என்ரை பிள்ளை போயிராது." லவீனாவும் அழுதுகொண்டுதான் சொன்னாள். "வாசலிலை நிண்டு அடையாள அட்டை பாக்கிற ஆளே கடவுள்? ஆமிக்காரனிட்டை நாங்கள் பொய் சொன்னம், சரி. அவரிட்டையும் சொல்லவேணுமெண்டால், அப்பிடி ஒருத்தர் எனக்கு வேண்டாம். நான் கும்பிடுறவர் உந்த மதிலைக் கட்டினவர் இல்லை."

லெனாட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

மேர்சி நிமிர்ந்தாள். படியில் இருந்த மருமகளின் தலைக்கு மேலால் கேற்றைப் பார்த்தாள். துருப்பிடித்த கேற். அதைச் செய்தவர் பஸ் நிலையத்தடியில் இரும்பு ஒட்டுகிற கடை வைத்திருந்த சீவரத்தினம். மதிலின் கல்லை இறக்கியது செல்வரட்ணத்தின் கூட்டாளிகள். கலியாணமான புதிதில், அந்த வேலைக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது அவளேதான். இத்தனை வருசம் கடவுளின் வீட்டு வாசல் என்று நினைத்துத் தான் பயந்து நின்றது சீவரத்தினத்தின் கேற்றுக்கு என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டையை அங்கே வைத்துவிட்டு ஒரு மெழுகுதிரி கொளுத்தப் பயந்தேனே, ஒரு மெழுகுதிரி.

"ஜெரிசன், பிள்ளையைத் தூக்கு," என்றாள். "குழி வெட்டிக் கிடக்குது. கொண்டுபோய் வை."

"அம்மா, ஃபாதர் இன்னும்..."

"அவர் கதைச்சுப்போட்டு வரட்டும். கடவுளுக்குப் போன் எடுக்கத் தேவையில்லை."

ஜெரிசன் பெட்டியை வாங்கினான். லவீனா அவன் தோளைப் பிடித்து எழும்பினாள். லெனாட் அவர்களுக்குப் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டே போனார், ஆனால் ஒரு தாயின் கையைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு அவரும் கெட்டவரில்லை. பெட்டி குழிக்குள் இறங்கியது. லவீனா குனிந்து முதல் பிடி மண்ணைப் போட்டாள். ஜெரிசன் போட்டான். மேர்சியின் முறை வந்தபோது அவள் மண் குவியலுக்குக் குனியவில்லை.

"நில்லுங்கோ, மூடவேண்டாம்," என்றாள். கேற்றால் வெளியே போனாள். மதிலோடு நடந்து, பூவரச மரத்தடியில், இத்தனை வருசம் தூரத்திலிருந்து மட்டும் பார்த்த இடத்தில் முழந்தாளிட்டாள். சருகுகளை ஒதுக்கினாள். "வா, என்ரை பெட்டை," என்றாள். கை நிறைய அள்ளிக்கொண்டு எழும்பினாள்.

திரும்பி வரும்போது லெனாட் கேற்றை மறித்து நின்றார். "மேர்சி, உந்த மண்ணை உள்ளுக்குக் கொண்டுவரக்கூடாது."

"தெரியும் அண்ணை. விலத்துங்கோ."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விலத்தினார்.

கடற்கரை மணல், எவ்வளவு பொத்திப் பிடித்தாலும் நிற்காது. விரல் இடுக்குகளால் சிந்திக்கொண்டே வந்தது. மேர்சி நடையைக் கூட்டவில்லை. போன் கதைத்து முடித்த சுவாமி கேற்றடிக்கு வந்தபோது, பூவரசடியிலிருந்து படியைத் தாண்டி உள்ளே குழிவரைக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கிடந்தது. அவர் அங்கியைச் சற்றே தூக்கி, அதை மிதிக்காமல் காலை எடுத்துவைத்தார்.