விநாடிக்குப் பதினைந்து

அக்காள் பட்டைகளைச் சோதனை இயந்திரத்தில் மாட்டி இழுத்து இழுத்து உடைப்பவள்; தங்கை அந்தப் பட்டைகளை வடிவமைப்பவள். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். கார்பன் துணியைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டிய தங்கையின் பட்டை, பத்து லட்சம் இழுப்புக்குத் தாக்குப்பிடித்தால் செயற்கைக் காலுக்குப் போகும். இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பும் குப்பைக்கு.

ஐந்து பட்டைகளைப் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றுகூட இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை. மூன்று நாளாகத் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. நான்கு மணிக்கு மேலாளரின் அறையில் கூட்டம். அது முடித்துக்கட்டுகிற கூட்டம் என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

மூன்றரைக்கு ஆறாவது பட்டையும் படாரென்று போனது. துண்டை எடுக்கக் கையை நீட்டிய அக்காள், "ஐயோ!" என்று விரலை உதறினாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, இங்கே நிஜமாகவே சுட்டது.

பன்னிரண்டு வருடம் இரும்பை உடைத்துப் பழகிய கை அது. இரும்பை வேகமாக இழுத்தாலும் சூடு வழிந்தோடிவிடும். பசையால் ஒட்டிய அடுக்குக்குள் சூடு போக வழியில்லை. பசை இளகும், அடுக்கு பிரியும். அதனால்தான் விநாடிக்கு ஐந்து இழுப்பு என்று சோதனைக் குறிப்புத் தாளில் எழுதியிருந்தது. தங்கைக்குச் சீக்கிரம் முடிவு தெரியட்டுமே என்று இந்தப் பாசக்காரி இயந்திரத்தைப் பதினைந்தில் வைத்திருந்தாள். யார் கேட்டார்கள் இந்தப் பாசத்தை?

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் கூட்டத்துக்குள் நுழைந்தபோது, "என் டிசைன்தான் சார் சரியில்ல, நிறுத்திடலாம்" என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருங்க சார்" என்றாள் அக்காள். "நான்தான் வேகமா ஓட்டிட்டேன். பட்டை சூடாகி உடைஞ்சிருக்கு. ஆறும் செல்லாது. இது நல்ல பட்டையா, கெட்ட பட்டையான்னே நமக்கு இன்னும் தெரியாது."

தங்கை திரும்பி அக்காளைப் பார்த்தாள்.

"மூணு நாளா என்னையே நான் திட்டிக்கிட்டிருந்தேன்க்கா."

"தெரியும்டி."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மிச்சம் எத்தனை பட்டை இருக்கு?"

"நாலு" என்றாள் தங்கை.

"சரி, மெதுவா ஓட்டிப் பார்த்துடலாம். ஆனா வேற ஆளைப் போட்டுடலாமாம்மா?"

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாம் சார், அக்காவே ஓட்டட்டும். வேற யாரா இருந்தாலும் இதை வந்து சொல்லியிருக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு அன்றைக்கு முழுவதும் அக்காளிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.