நோயில்லாத ஆளின் ரத்தம்

“விடு. அதத் தொடாதே.”

அண்ணன் மூன்று மாதம் இருமிக் கிடந்த மெத்தையின் மறுமுனையைப் பிடிக்கப் போன தங்கையின் கையை அண்ணி தட்டிவிட்டாள். அடக்கம் முடிந்து வீடு திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மெத்தையை ஒற்றை ஆளாக வாசலுக்கு இழுத்தாள்.

“லேப்ல இருந்து கிருமியத் துணியில ஒட்டிக்கிட்டு வந்து அவரக் கொன்னுட்டே. இப்ப மெத்தை தூக்க வந்துட்டா, மகராசி.”

“லேப்ல நாங்க வெச்சிருக்கறது செத்த காசநோய்க் கிருமி, அண்ணி. அது யாருக்கும் தொத்தாது.”

“ஆமா, எதுவும் தொத்தாது. எம் புருஷன் மட்டும் செத்துட்டாரு. நல்லா இருக்குடி உன் படிப்பு!”

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து இதே பாட்டு. அண்ணனை நினைத்து அழக்கூட விடுகிறாளா இந்த மனுஷி? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப் போனவள், உள்ளறையில் பாப்பா இருமுவதைக் கேட்டு நிறுத்திக்கொண்டாள். இரண்டு வாரமாகப் போகாத இருமல்.

“பாப்பாவ இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டணும்.”

“எம் பொண்ணு பக்கம் வந்தே, தெரியும் சேதி. அவளுக்கு வெறும் சளி. நீ இந்தப் பக்கம் வராம இருந்தாலே அவளுக்கு ஒண்ணும் வராது.”

இப்படி நம்பிக்கொண்டிருக்கும்வரை இவள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாட்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் இந்த வீட்டில் இனி கால் வைக்க முடியாது.

“மூணு வருஷத்துக்கு முன்னால அண்ணன்கிட்ட ரத்தம் எடுத்தேன்ல? லேப்ல ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ஆளோட ரத்தம் வேணும்னு.”

அண்ணி மெத்தையைக் கீழே போட்டாள்.

“வெள்ளையணு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கும். கிருமி வந்தா அதுதான் அடையாளம் கண்டு மத்த அணுவையெல்லாம் கூப்பிடும். அண்ணன் ரத்தத்துல கிருமியப் போட்டேன். அது யாரையும் கூப்பிடல. ரெண்டு தடவ பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“ரத்தம் கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டுக் கொட்டிட்டேன். அண்ணன் கல்லு மாதிரி இருந்தான். அவனுக்கு ஒரு குறை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. அது பரம்பரையா வரும், அண்ணி. பாப்பாவுக்கும் இருக்கலாம்.”

கன்னத்தில் அறை விழும் என்று தங்கை நின்றாள். விழவில்லை. அண்ணி உள்ளே போய்ப் பாப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். படியில் உட்கார வைத்துச் செருப்பை மாட்டினாள்.

“எங்கம்மா போறோம்? அத்தையும் வர்றாங்களா?”

“ஆஸ்பத்திரிக்கு. அத்தை வரல.”

இருவரும் மெத்தையைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். செருப்பு கால் மாறியிருந்தது. பாப்பா தடுக்கித் தடுக்கி நடந்தாள்.