சம்பந்திக்காகச் சேர்த்த தரை

அப்பா கண்ணை மூடிய கையோடு, அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பியதுதான். அப்பா ஆசையாகப் போட்ட பலகைத் தரையை, சுவர் நிற்கும் இடத்தில் மட்டும் அறுத்து எறிந்தார்கள். பிறகு அண்ணன் தன் பக்கத்துக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் பாலிஷ் போட்டார். அதற்குப் போட்டியாகவே தம்பி தன் பக்கத்தைச் சுரண்டி வெளுப்பாக்கினான்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பாவிடம், "நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்" என்று போனில் அளந்துவிட்டிருந்தார் அண்ணன். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பதற்குள் சுவரை இடித்தாக வேண்டும். தம்பியும் தலையாட்டினான். பாசம் பொங்கியெல்லாம் இல்லை. அண்ணன் பக்கத்து ஜன்னல் காற்று தனக்கும் வருமே என்றுதான்.

சுவர் போன இடத்தில் வெறும் சிமெண்ட் பட்டை பல்லிளித்தது. தச்சரைக் கூப்பிட்டார்கள். கையைவிட வாய் அதிகம் ஓடும் மனிதர்.

"இதுக்கு மட்டும் புதுப்பலகை போட்டா கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் பழைய பலகைய நீளமும் குட்டையுமா கழட்டி, புதுசை உள்ள கோத்து விடணும். அப்புறம் மொத்தத் தரையையும் இழைச்சு ஒரே கலர் அடிக்கணும்."

"என் பக்கம் எத்தனை பலகை கழட்டுவீங்க?" என்றார் அண்ணன்.

"அவர் பக்கத்தைவிட என் பக்கம் ஒண்ணுகூட அதிகம் கழட்டக் கூடாது" என்றான் தம்பி.

"உங்க ரெண்டு பேரையும் முதல்ல இழைக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தச்சர் இயந்திரத்தை ஓடவிட்டார்.

கடைசியில் இருவருக்கும் பிடிக்காத ஒரு நிறம் முடிவாயிற்று. தரை என்னவோ அருமையாக அமைந்தது. எது பழசு, எது புதுசு என்று குனிந்து பார்த்தாலும் தெரியவில்லை.

சம்பந்தி வந்தார். சோபாவில் நன்றாகச் சாய்ந்து அண்ணாந்து பார்த்தார். கூரையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சுவரின் தழும்பு நேர்க்கோடாக ஓடியது.

"நடுவுல சுவர் இருந்துச்சா?"

"மழையில விட்ட விரிசல்" என்றார் அண்ணன்.

"வயரிங் பண்ணினாங்க" என்றான் தம்பி, அதே நேரத்தில்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "சுவர்தான் மாமா. போன மாசம்தான் இடிச்சாங்க."

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்டுல மாடி எங்க அண்ணனுக்கு, கீழ எனக்கு. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் கதவைச் சாத்திடுவேன்." கல்யாணம் அங்கேயே நிச்சயமாகிவிட்டது.

சம்பந்தியின் கார் தெருமுனை திரும்பக்கூட இல்லை.

"மேல பார்க்கணும்னு உனக்குத் தோணலையா?"

"வீட்டுக்குப் பெரியவர் நீங்கதானே!"

அத்தோடு பேச்சு நின்றது. மறுபடி சுவர் எழுப்ப இருவருக்கும் தெம்பில்லை. கூடத்தின் இரு கோடியிலும் ஆளுக்கொரு டிவி ஓடுகிறது, இரண்டும் முழுச் சத்தத்தில். அண்ணன் மனைவி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, நடுவில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள்.