விளம்பர இடைவேளையில் எம்.பி.

அம்பிட்டியவில் இயங்கிய ‘குன்றொலி’ அரச வானொலிக்கு அரசாங்கம் இனியும் நிதி கொடுக்க வேண்டுமா? இதுதான் அன்றைய நேரடி விவாதம். நடத்தியவள் அறிவிப்பாளர் நிலூஷா. தன் வேலை இருக்கலாமா கூடாதா என்பதைத் தானே நடுநிலையோடு விசாரிக்க வேண்டிய கேவலம். ஆதரித்துப் பேச ஒப்புக்கொண்ட பேராசிரியர் காலையிலேயே காய்ச்சல் என்று கழன்றுவிட்டார். எதிர்த்துப் பேச வந்த எம்.பி. ஸெய்னுலாப்தீன் மட்டும் அத்தர் மணக்கக் கதிரையை நிறைத்து உட்கார்ந்திருந்தார்.

“சனங்கட வரிப்பணத்துல என்னத்துக்கு ரேடியோ? தனியார் மாதிரி விளம்பரம் போட்டு உழைக்கட்டுமே” என்றார்.

அவருக்கு மறுப்புச் சொல்ல ஆளில்லை. அறிவிப்பாளர் எதிர்த்துப் பேசவும் கூடாது. நிலூஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்ல யோசனை சேர். இப்பவே செஞ்சு பார்ப்போம்” என்று, கண்ணாடிக்கு அப்பால் ஒலியைக் கவனித்த ஹுதைபாவுக்குச் சைகை காட்டினாள்.

“நம்மட நாட்டுட எதிர்காலம்...” என்று எம்.பி. தொடங்கினார்.

“மூலமா? எரிச்சலா? உட்கார முடியவில்லையா? இன்றே வாங்குங்கள், கலகெதர கறுப்பையா வைத்தியரின் களிம்பு!” என்று ஒரு குரல் குறுக்கிட்டது.

எம்.பி. திகைத்தார். “நான் எங்க விட்டேன்?”

“எதிர்காலத்துல சேர்.”

மறுபடி வாயைத் திறந்தார். தேங்காயெண்ணெய் வந்தது. மூன்றாம் முறை மீண்டும் மூலம்.

“மகள், நான் பேசிக்கிட்டு ஈக்கிறேன்ல! நிப்பாட்டுங்க இத!”

“விளம்பரத்த நிப்பாட்டினா எங்களுக்கு யாரு சேர் காசு தர்றது?”

“அரசாங்கம் தரும்!” என்று மேசையில் அடித்துக் கத்தினார் எம்.பி.

சொன்ன பிறகுதான், நேரடி ஒலிபரப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார். ஹுதைபா மேசைக்கடியில் குனிந்து சிரித்தான். நிலூஷா நிதானமாக நேயர்களுக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் கொழும்பிலிருந்து மேலதிகாரி தொலைபேசியில் காய்ச்சி எடுத்தார். விவாதங்களை அவளிடமிருந்து பிடுங்கி, செய்தி வாசிக்கப் போட்டார்கள்.

அந்த வருடம் நிதி வெட்டப்படவில்லை. அலவத்துகொடயில் நடந்த கூட்டத்தில் எம்.பி. அதைத் தன் நீண்டகாலப் போராட்டத்தின் வெற்றி என்று அறிவித்து, மாலையும் போட்டுக்கொண்டார்.

அன்றிரவுச் செய்தியில் அதை வாசித்தவள் நிலூஷா. ‘போராட்டம்’ என்ற சொல்லில் மட்டும் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.