தவறு யாருடையது

பிசியோதெரபி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவன் நான். நோயாளிகளைப் பற்றி அவர்கள் ஏற்றும் பதிவுகளைச் சரிபார்ப்பதும் என் வேலை. தசையும் நரம்பும் படிக்க வந்த பிள்ளைகளுக்கு என் வகுப்பு வேப்பங்காய். எனக்கு முன்கோபம் வேறு. "நோயாளி சொன்னதை மட்டும் ஏத்துங்க. உங்க யூகத்தை ஏத்தினா அது பதிவு இல்லை, கதை" என்று முதல் நாளே மிரட்டி வைத்திருந்தேன்.

லோகப்பிரியா மூன்றாமாண்டு மாணவி. அவளுடைய நோயாளி அங்கப்பன், பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் பட்டறைத் தொழிலாளி. வலது தோள் இறுகிப்போய்க் கை மேலே எழாது. கை எழாவிட்டால் பட்டறையில் வேலை இல்லை. எங்கள் கல்லூரி மருத்துவமனையில் அவருக்கு இலவச சிகிச்சை. ஒவ்வொரு முறையும் வலி எவ்வளவு என்று கேட்டு, பத்துக்குள் ஓர் எண்ணை மாணவர் டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால், குணமாகிவிட்டார் என்று சாப்ட்வேர் அவர் கோப்பை மூடிவிடும்.

வியாழக்கிழமை அங்கப்பனின் கோப்பு மூடிக்கொண்டது. எண் இரண்டு. அடுத்த சிகிச்சைக்கு நாள் கேட்டபோது வரவேற்பில் திருப்பி அனுப்பப்பட்டவரை லோகப்பிரியா என்னிடம் அழைத்து வந்தாள்.

"ரெண்டுன்னு ஏன் போட்டே?"

"அவரு சொன்னதைத்தான் போட்டேனுங்க சார்."

அவர் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, வலி எவ்வளவுங்க?"

அவர் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். "ரெண்டுதானுங்க. அம்மணி நல்லாத்தான் பாக்குது." நெற்றி வியர்வையைத் துடைக்க வலது கையைத் தூக்கியவர், பாதியில் விட்டுவிட்டு இடது கையால் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் அவர் சிகிச்சைக் கட்டிலில் படுத்திருக்கும்போதே அவளிடம் கத்தியிருந்தேன்: "மூணு வாரமா எட்டுலயே நிக்குது. என்னத்தைக் கிழிச்சே?"

வெட்கமாக இருந்தது. "அன்னிக்குத் தப்பு என் மேலதானுங்க. இனி அம்மணியை யாரும் திட்டமாட்டாங்க. நெசத்தைச் சொல்லுங்க."

இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "எட்டுங்க. ஒருக்களிச்சுப் படுக்க முடியறதில்லீங்க. புள்ள பேச்சு வாங்குதேன்னு கொறைச்சுச் சொல்லிப்போட்டேன்."

மூடிய கோப்பை அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆசிரியர் திறக்கலாம். தவறினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், மூன்று மாதமாகும். என் லாகினில் நுழைந்து எட்டு என்று ஏற்றினேன். திரை ஒரு கேள்வி கேட்டது: முந்தைய பதிவில் தவறு யாருடையது?

கீழே இரண்டே விடைகள். மாணவர், நோயாளி. ஒன்றைத் தொடாமல் சேவ் ஆகாது. நோயாளி என்றால் பொய்த் தகவல் என்று இலவசம் ரத்தாகும். மாணவர் என்றால் அவளுக்குச் செய்முறைத் தேர்வில் பத்து மதிப்பெண் போகும்.

அந்த விடைப் பட்டியலை எழுதிச் சாப்ட்வேர் கம்பெனிக்குக் கொடுத்தவன் நான்தான். ஆசிரியர் என்று மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இனி அதைச் சேர்க்கச் சொல்லி எழுதினால் ஒரு மாதமாவது ஆகும். மணி நான்கு ஐம்பது.

எனக்குப் பின்னால் நின்று லோகப்பிரியாவும் திரையைப் படித்துவிட்டாள்.

"மாணவர்னே போட்டுருங்க சார். பரவால்லீங்க."

அங்கப்பன் இரண்டு என்று சொன்னாரே, அதே குரல்.

தொட்டேன். கோப்பு திறந்தது. அவள் பெயருக்கு நேராக, பிழை ஒன்று என்று விழுந்தது.