அதே குளிசை

விடியுமுன்பே கோழிகள் சங்கிலியில் தொங்கியபடி வரத் தொடங்கிவிடும். ஸ்காபரோவின் அந்த இறைச்சித் தொழிற்சாலைக்கு வெளியே பனி. உள்ளே அதைவிடக் குளிர். கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன. ஸுஹைரா கோழிகளைக் கழற்றித் தள்ள, பக்கத்தில் யூஜினி அவற்றை மின்வாளில் கொடுத்துப் பிளந்தாள்.

போன கிழமை இரவு வேலை. இந்தக் கிழமை அதிகாலை. இப்படி மாறி மாறி, எது இரவு எது பகல் என்று உடலுக்குப் பிடிபடாமல் போயிற்று. அங்கே பலர் நித்திரைக் குளிசையை நம்பியே படுத்தார்கள். சாப்பாட்டில் கறியை மாற்றிக்கொள்வதுபோலக் குளிசையையும் மாற்றிக்கொண்டார்கள். யூஜினிக்கு மருந்துக்கடையில் இம்முறை வேறு கம்பனியின் குளிசையைக் கொடுத்திருந்தார்கள்.

"மருந்து அதேதானாம் அக்கா. எனக்கெண்டால் கண் மூடவேயில்லை," என்று நேற்று அழாக்குறையாகச் சொன்னாள்.

ஸுஹைரா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அதைப் போட்டால் ஸுஹைரா நன்றாகத் தூங்கித் தெளிவாக எழுவாள்.

இன்று யூஜினியின் கண்கள் திறந்துதான் இருந்தன. பார்வைதான் தாமதமாக வந்துசேர்ந்தது.

"ஏலாதெண்டால் தள்ளி நில்லுமன்."

"ஒண்டுமில்லை அக்கா. தலைக்குள்ள பஞ்சு அடைஞ்ச மாதிரி. கோப்பி குடிச்சால் சரிவரும்."

சங்கிலியின் வேகம் கூடியது. வாளின் ஓசை ஒரு கணம் மாறியது. ஸுஹைரா திரும்பியபோது யூஜினி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்புலன்ஸ் போனபின் முதலாளி அகஸ்ரின் வந்தார். முதலில் வாளைக் கழுவச் சொன்னார்.

"குளிசை போட்டதெண்டு அந்தப் பிள்ளையே சொல்லியிருக்கு. பிழை அதின்ரை. ஆர் குடுத்தது? அந்த ஆள் வீட்டை போகட்டும். மற்ற ஆக்கள் வேலையைத் தொடங்குங்கோ."

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், தன் விரல்கள் போனதற்கு யூஜினி ஒருத்தியே குற்றவாளி. ஆனால் ஸுஹைராவை அரித்தது வேறொன்று. தன்னை ஆற்றிய மருந்து இன்னொருத்திக்குள் போய் இப்படி ஆகுமென்று அவள் நினைக்கவே இல்லை. ஒரே வரிசையில் நின்றதால் எல்லோருக்கும் ஒரே உடல் என்று நம்பிவிட்டாளா?

"நான்தான் குடுத்தன்," என்றாள்.

"நானும் போடுறனான். எனக்கொண்டும் நடக்கேல்லையே," என்றார் அகஸ்ரின்.

"நீங்கள் எழும்பிக் கோப்பி குடிக்கிறியள் அண்ணை. நாங்கள் எழும்பி வாளுக்கு முன்னால நிக்கிறம்."

பெட்டி அடுக்கும் ஆதம்பாவா முன்னால் வந்தார். "எனக்குப் பாதி போதும். பிறகு மூச்சு வருதோ எண்டு மனிசி மூக்கிலை கைவைச்சுப் பார்ப்பா."

"எனக்கு முழுசாய்ப் போட்டாலும் விடியுமட்டும் முழிப்புத்தான்," என்றாள் எல்லோரிலும் மூத்த பேபி அன்ரி.

"அப்ப எல்லாரையும் நிப்பாட்டவோ?" அகஸ்ரின் சிரித்தார்.

"நேரம் மாத்திறதை நிப்பாட்டுங்கோ," என்றாள் ஸுஹைரா.

"ஏஜென்சிக்கு ஒரு கோல் அடிச்சால் வேற ஆக்கள் வருவினம்."

"அவையும் நித்திரை கொள்ளவேணுமே, தம்பி," என்றாள் பேபி அன்ரி.

அவர் தொலைபேசியை எடுத்தார். சங்கிலியை இயக்க யாரும் போகவில்லை.

வெளிச்சம் வந்தபோது ஏஜென்சி வான் வாசலில் நின்றது. வீங்கிய கண்களோடு பெண்கள் இறங்கினார்கள். ஸுஹைரா வெளியே நடந்தாள். மற்றவர்களும் அவளோடு வந்தார்கள்.

"இரவு எங்கை வேலை செய்தனீங்கள்? கொஞ்சமாவது படுத்தனீங்களோ?" என்று முன்னால் வந்தவளிடம் கேட்டாள்.

அந்தப் பெண் தொழிற்சாலைக் கதவுப்படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்து, அவர்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.